பள்ளத்தை மூடுமுன் அளவெடுத்துவிடுங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறான். இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு பத்தரை மணிக்கு பைக்கில் வரும்போது, திருநகர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் பிரியும் சாலையில் விழுந்துவிட்டான். குழாய் பதிக்க நீளவாக்கில் தோண்டி மண்ணைப் போட்டு மூடிய இடம் மழையில் உள்வாங்கிக் கிடக்கிறது. அதிலிருந்து பத்தடியில் வேகத்தடை. பெயின்ட் இல்லை, போர்டு இல்லை, பக்கத்துத் தெருவிளக்கும் எரியவில்லை. இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'தானாக விழுந்தது' என்று எழுதியிருக்கிறது. ஸ்டேஷனில், "எதிரே வண்டி இல்லையே, கேஸ் போட்டால் உங்கள் தம்பி மேல்தான் போட வேண்டும்" என்கிறார்கள். ஓர் அலுவலகத்தில் "இது எங்கள் ரோடு இல்லை" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் "தோண்டியவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். பதினோரு நாளாயிற்று. பள்ளம் அப்படியே கிடக்கிறது. யாரிடம் போய்க் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரி, யாரிடம் கேட்பது என்பதற்குப் பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் இன்று சாயங்காலமே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்தப் பள்ளத்தை எந்த நாளும் மூடிவிடலாம். மூடவும் வேண்டும். மூடிய மறுநாள் உங்கள் கையில் தம்பியின் எக்ஸ்ரேயும் வாய்வார்த்தையும்தான் மிஞ்சும். சாலைக் குறையால் வரும் வழக்குகள் பெரும்பாலும் சட்டம் இல்லாமல் தோற்பதில்லை, அளவு இல்லாமல் தோற்கின்றன.

ஒரு டேப், நேரான ஆறடி ரீப்பர் கட்டை அல்லது அலுமினியக் குழாய், சாக்பீஸ், இரண்டு பேர் போதும். ஒருவர் சாலையைப் பார்த்துக்கொண்டே நிற்கட்டும். அதே இடத்தில் இன்னொருவர் அடிபடக் கூடாது. கட்டையைப் பள்ளத்தின் குறுக்கே கிடத்தி, ஒவ்வோர் அடிக்கும் கீழே எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் நீளம், அகலம், தார் விளிம்பு எவ்வளவு செங்குத்தாக நிற்கிறது, பள்ளம் முடியும் இடத்திலிருந்து வேகத்தடை தொடங்கும் இடம் வரை எத்தனை மீட்டர் என்பவையும் வேண்டும். விளிம்பின் உயரத்தை மட்டும் தனியாக, டேப் தெரியும்படி கிட்டத்தில் படமெடுங்கள்.

படத்தை நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் பயனில்லை. பைக்கில் உட்கார்ந்தவரின் கண் மட்டம், அதாவது ஏறக்குறைய நாலடி உயரத்தில் போனைப் பிடித்து, தம்பி வந்த திசையிலிருந்து 40, 30, 20, 10 மீட்டர் தூரங்களில் ஒவ்வொன்று. பகலில் ஒரு முறை, இரவு பத்தரைக்கு பைக்கின் டிம் வெளிச்சத்தில் ஒரு முறை. எரியாத விளக்கின் போஸ்ட் எண்ணும் படத்தில் விழட்டும். பணி விவரப் பலகை எங்கேயாவது நட்டிருந்தால் அதையும் எடுங்கள். ஒப்பந்தக்காரர் யார் என்று தேடி அலையும் வேலை மிச்சம். மூலப் படங்களை போனிலேயே வைத்திருங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பியது மூலம் ஆகாது. நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். எந்த போனில் எடுத்தது, யார் எடுத்தது என்பது அதில் வரும். பக்கத்துக் கடைகளில் கேமரா இருந்தால் நாளைக்கு என்று விடாதீர்கள். பல கடைகளில் பதிவு 15 அல்லது 30 நாளில் தானாக அழியும். உங்களுக்கு 11 நாள் போய்விட்டது. பைக்கையும் பட்டறைக்கு விடாதீர்கள். முன் ரிம் எந்தப் பக்கம் நெளிந்திருக்கிறது, ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்பதெல்லாம் அவர் எதில் மோதினார் என்பதைச் சொல்லும்.

இப்போது வேகத்தடைக்கு வருவோம். அதை அளந்தாலே உங்கள் வழக்கில் பாதி முடிந்தது. இந்தியச் சாலைப் பேரவையின் (ஐ.ஆர்.சி.) 99ஆம் எண் வழிகாட்டி சொல்லும் வட்ட வடிவ வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. வண்டி அதை 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்க வேண்டும் என்பது கணக்கு. 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை, தடையின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை இரண்டும் கட்டாயம். நம் ஊர்களில் மிஞ்சிய தார்க்கலவையைக் கொட்டிப் போடும் தடைகள் பெரும்பாலும் இரண்டடி அகலமும் அரையடி உயரமுமாகத்தான் நிற்கின்றன. சாதாரண பைக்கின் இரு சக்கரங்களுக்கு நடுவே ஏறக்குறைய 1.3 மீட்டர். 3.7 மீட்டர் தடையில் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் தடையின் மேல் நிற்க இடமிருக்கும், வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இரண்டடித் தடையிலோ முன் சக்கரம் ஏறி விழுந்த பிறகுதான் பின் சக்கரம் முட்டும். முதல் அடியில் கைப்பிடி தளரும், இரண்டாவதில் வண்டி தூக்கிப் போடும். அங்கே தடையின் அகலம், உயரம் இரண்டையும் கட்டையும் டேப்பும் வைத்து எடுத்துவிடுங்கள்.

இருட்டில் அதைப் பார்த்திருக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் கேட்பார். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். கண்ணில் பட்டு, மூளை உணர்ந்து, பிரேக்கில் கால் போக 2.5 விநாடி என்று சாலை வடிவமைப்பில் கணக்கு வைக்கிறார்கள். அதற்குள்ளேயே 28 மீட்டர் போய்விடும். வண்டி முழுதாக நிற்க 45 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும் என்பது ஐ.ஆர்.சி. அளவு. பெயின்ட் இல்லாத கறுப்புத் தடை, கறுப்புச் சாலையில், விளக்கில்லாத இரவில், டிம் வெளிச்சத்துக்கு 20 மீட்டரில் தெரிந்தாலே பெரிது. அதனால்தான் 40 மீட்டரில் பலகை வைக்கச் சொல்கிறார்கள். நாலு தூரங்களில் படமெடுக்கச் சொன்ன காரணமும் இதுதான்: எந்தப் படத்தில் தடை முதலில் தெரிகிறது என்று நீதிபதியே பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளம் ஏன் உள்வாங்கியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "மழை பெய்தது, நாங்கள் என்ன செய்வது" என்பார்கள். தோண்டிய குழியை ஏறக்குறைய 15 சென்டிமீட்டருக்கு ஓர் அடுக்காக நிரப்பி, நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் இயந்திரத்தால் இடித்து இறுக்க வேண்டும். நாலடிக் குழிக்கு எட்டு அடுக்கு வரும். நடப்பது வேறு. ஜே.சி.பி.யால் மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளி, மேலே அதன் சக்கரத்தை இரண்டு தடவை ஓட்டிவிட்டுப் போகிறார்கள். மேல் அரையடிதான் இறுகும். அடியில் காற்றிடைவெளி அப்படியே நிற்கும். ஒரு மழையில் நீர் இறங்கி மண் அமர்ந்துவிடும். மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் பக்கம் போகப் போகக் கரிசல் வேறு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். தோண்டிய கரிசலையே திரும்பப் போடாமல் கிராவலோ கிரஷர் டஸ்ட்டோ போட்டு இறுக்கியிருக்க வேண்டும். ஆகவே மழை காரணமில்லை, மழை சோதித்துக் காட்டியது. ஐப்பசியில் மழை வரும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

குறுக்குப் பள்ளத்தைவிட நீளவாக்குப் பள்ளம் இருசக்கர வண்டிக்கு ஆபத்தானது. மூன்றங்குல டயர் விளிம்போடு ஒட்டி ஓடத் தொடங்கினால், மேலே ஏற்ற ஹேண்டிலைத் திருப்பும்போது டயரின் பக்கச்சுவர் விளிம்பில் உரசும், சக்கரம் ஏறாது, வண்டி சாய்ந்துவிடும். உங்கள் தம்பி பள்ளத்தில் வழுக்கித் தடையில் மோதினாரா, தடையைப் பார்த்து ஒதுங்கிப் பள்ளத்தில் விழுந்தாரா என்பதை அவர் நினைவு மங்குமுன் அவர் வார்த்தையிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டில் எதுவானாலும் வழக்கு நிற்கும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னால்தான் கெடும்.

இனி, யார் பொறுப்பு. சாலை ஒருவருடையதாகவும் குழி இன்னொருவருடையதாகவும் இருப்பது மதுரையில் சாதாரணம். மாநகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி தொடங்கும் இடங்களில் இன்னும் குழப்பம். மஞ்சள் தலை கிலோமீட்டர் கல் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லாத உங்கள் சாலைக்குத் தகவல் உரிமைச் சட்ட மனுதான் வழி. மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியம், நெடுஞ்சாலைத் துறைக் கோட்டம், குழாய் பதித்த துறை நாலுக்கும் பத்து ரூபாய் கட்டணத்தோடு தனித்தனியாக ஒரே மனுவை அனுப்புங்கள். கேட்க வேண்டியவை: இந்தச் சாலை எந்தத் துறையின் பதிவேட்டில் இருக்கிறது, சாலை வெட்டு அனுமதி ஆணையின் நகல், அதன் நிபந்தனைகள், சாலையைப் பழையபடி சீரமைக்கக் கட்டிய தொகை, யார் சீரமைக்க வேண்டும், ஒப்பந்தக்காரர் பெயர், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலையில் வரும் குறையை ஒப்பந்தக்காரரே சரிசெய்ய வேண்டிய காலம்), குழி நிரப்பியதற்கான எம்-புக் (பணி அளவுப் புத்தகம்) பக்கங்கள், அந்த வேகத்தடைக்கு அனுமதி கொடுத்தது யார், ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் அது பேசப்பட்டதா, கடந்த ஆறு மாதத்தில் அந்த இடம் பற்றி வந்த புகார்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பணியை நேரில் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு, பலர் அதைக் கேட்பதில்லை.

அந்தப் பட்டியலில் கடைசியாகச் சொன்ன பழைய புகார்கள்தான் உயிர். இந்த வழக்குகளின் முடிச்சு 'தெரிந்திருந்ததா' என்பதில் இருக்கிறது. 1966இல் தில்லி மணிக்கூண்டு இடிந்து விழுந்த வழக்கில், பொது வழியை ஒட்டிய கட்டடத்தை அவ்வப்போது பார்த்துப் பராமரிப்பது மாநகராட்சியின் கடமை, உள்ளே மறைந்திருந்த குறை என்று தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1999இல் தில்லியில் ஸ்கூட்டரில் போனவர் மேல் காய்ந்த மரக்கிளை விழுந்த வழக்கிலும் மாநகராட்சியே பொறுப்பு என்றது. ஆனால் 1997 ராஜ்கோட் மர வழக்கில், மரம் விழும் நிலையில் இருந்தது மாநகராட்சிக்குத் தெரிந்ததாகக் காட்டப்படவில்லை என்று குடும்பத்தின் கோரிக்கை தள்ளப்பட்டது. ஆகவே உங்கள் தம்பி விழுவதற்கு முன் யாராவது அந்தப் பள்ளத்தைப் பற்றிப் புகார் கொடுத்திருந்தால் அந்த ஒரு புகார் எண் பத்து சாட்சிக்குச் சமம். ஊரில் விசாரியுங்கள். முதல்வர் உதவி எண் 1100க்கு யாராவது பேசியிருக்கலாம், 2023 நவம்பரில் வந்த 'நம்ம சாலை' செயலியில் படம் ஏற்றியிருக்கலாம், கவுன்சிலரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ மனு கொடுத்திருக்கலாம். எதுவுமே இல்லையென்றாலும் வழி அடைந்துவிடாது. குழியைத் தோண்டியவருக்குக் குழி இருப்பது தெரியாது என்று சொல்ல முடியாதே. தடையைப் போட்டவருக்கும் அப்படியே.

'ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம்' என்ற பதிலைக் கேட்டு மனம் தளராதீர்கள். அது அவர்கள் இருவருக்கும் நடுவே உள்ள கணக்கு. சாலை உரிமையாளர், தோண்டிய துறை, ஒப்பந்தக்காரர் மூவரையும் சேர்த்தே நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கூட்டாகத் தவறு செய்தவர்களில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் வாங்கப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு. பிறகு அவர்கள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளட்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 198-ஏ பிரிவைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். சாலையை வடிவமைத்தவர், கட்டியவர், பராமரிப்பவர் விதித்த தரத்தைக் கடைப்பிடிக்காமல், அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பணம் விபத்து நிதிக்குப் போகும், உங்கள் தம்பிக்கு வராது. இருந்தாலும் அதை நோட்டீஸில் குறிப்பிடுங்கள். நீதிமன்றம் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவே அடுக்கியிருக்கிறது: எப்படிப்பட்ட சாலை, எவ்வளவு போக்குவரத்து, ஆபத்து தெரிந்திருந்ததா, சரிசெய்ய நேரம் இருந்ததா, எச்சரிக்கைப் பலகை இருந்ததா. உங்கள் மனுவை இதே வரிசையில் எழுதச் சொல்லுங்கள்.

போலீஸ் விஷயத்தில் உறுதியாக நில்லுங்கள். 'தானாக விழுந்தது' என்று எழுதி முடித்தால் அந்தச் சாலை தப்பிவிடுகிறது. பதிவாகாத விபத்து ஐராட் என்ற தேசியச் சாலை விபத்துத் தரவுத்தளத்தில் ஏறாது. தரவில் இல்லாத இடத்துக்கு எந்தப் பொறியாளரும் ஆய்வுக்கு வர மாட்டார். அடுத்த மாதம் இன்னொருவர் விழுவார், அதுவும் தானாக விழுந்ததாகவே எழுதப்படும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 125(பி)இன் கீழ், அலட்சியச் செயலால் கொடுங்காயம் ஏற்படுத்தியதாக, பெயர் தெரியாத ஒப்பந்தக்காரர் மீதும் பொறுப்பு அதிகாரி மீதும் எழுத்தில் புகார் கொடுங்கள். பொது வழியில் ஆபத்து உண்டாக்கியதற்கு 285ஆம் பிரிவு. சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு) வாங்காமல் திரும்ப வேண்டாம். புகாரை வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கண்காணிப்பாளருக்கு, மாநகரக் காவல் எல்லை என்றால் ஆணையருக்கு அனுப்புங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டு நகல்) எழுதியதை இனி மாற்ற முடியாது, மாற்றச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். வலியில் கிடந்தவரை அழைத்து வந்தவர் சொன்னதை எழுதியிருப்பார்கள். எதிரே வண்டி மோதவில்லை என்ற அளவில் 'தானாக' என்பது பொய்யும் அல்ல. போலீஸ் வாக்குமூலத்தில் விழுந்த காரணத்தை முழுதாகச் சொன்னால் போதும்.

பணம் எங்கிருந்து வரும்? முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால், வேலை முடிந்து வீட்டுக்கு நேர்வழியில் வரும்போது நடந்த விபத்தையும் வேலைக் காயமாகக் கருத இடமுண்டு. வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பினால்தான் இது நகரும், ஆகவே ஷிப்ட் முடிந்த நேரத்துக்கான பதிவோடு இன்றே எச்.ஆர்.இடம் எழுதிக் கொடுங்கள். இ.எஸ்.ஐ. பணம் வாங்கியவர் வேறு இழப்பீடு கேட்க முடியாது என்று எதிர்த்தரப்பு வாதாடலாம் என்பதால், வழக்கறிஞரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பைக் இன்சூரன்ஸில் உள்ள 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு மரணம், கை கால் கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் இவற்றுக்குத்தான். சேர்ந்துவிடக்கூடிய எலும்பு முறிவுக்கு வராது.

மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் சொந்த வண்டியில் தனியாக விழுந்தவருக்குச் சிக்கல் அதிகம். வண்டி சம்பந்தப்பட்ட விபத்தில் ரயில்வே போன்ற மற்ற அமைப்பு மீதும் அங்கே கோரலாம் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை வைத்து முயல்வதானால் 6 மாதக் கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எங்கள் கணிப்பில் உங்களுக்கு நேரான பாதை மதுரை உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு. அரசு மீது வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி நோட்டீஸ் அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். சட்டக் கடமையின் பேரில் செய்ததற்கோ செய்யத் தவறியதற்கோ இழப்பீடு கேட்கக் காலவரம்பு ஓராண்டு என்பதால், மூன்றாண்டு இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பி உட்காராதீர்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு விரைவானது. ஆனால் விழுந்த விதத்திலேயே தகராறு இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அளவும் படமும் அங்கேயும் உதவும். 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் சாலைப் பள்ளத்தால் காயம்பட்டவர்களுக்கு 50,000 முதல் 2.5 லட்சம் ரூபாய் வரையும், இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சமும் தரச் சொன்னது. மகாராஷ்டிரத்துக்கான உத்தரவு அது. இங்கே கட்டுப்படுத்தாது என்றாலும் எடுத்துக்காட்டலாம்.

தொகையைத் தீர்மானிப்பது ஊனச் சதவீதம் மட்டுமல்ல. எட்டு மணி நேரம் நின்று லேத் ஓட்டுபவருக்குக் கால் போவதும் உட்கார்ந்து வேலை செய்பவருக்குப் போவதும் ஒன்றல்ல என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. எலும்பு கூடிய பிறகு மருத்துவக் குழுவிடம் ஊனச் சான்று, கம்பெனியில் அவர் செய்த வேலையின் விவரக் கடிதம், ஆட்டோ வாடகை வரை எல்லா ரசீதும் வேண்டும். தம்பி பக்கத்துக் குறைகளையும் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். குடித்திருந்தால் தொகை வெகுவாகக் குறையும். ஹெல்மெட் போடாதது தப்புதான், ஆனால் காலில் பட்ட அடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விதியை மீறியது விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்தால்தான் இழப்பீட்டில் கழிக்கலாம் என்பதை 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

அளவெடுத்து முடித்த அதே இரவு 1100இல் புகார் கொடுத்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வழக்குக்காகப் பள்ளம் திறந்து கிடக்கட்டும் என்று ஒரு நாளும் விடாதீர்கள். மூட வரும்போது மூடும் விதத்தையும் படமெடுங்கள். அதுவரை ஊர்க்காரர்கள் கல்லையோ மரக்கிளையையோ போட்டு அடையாளம் காட்ட வேண்டாம், இருட்டில் அதில் மோதித்தான் அடுத்தவர் விழுவார். மணல் நிரப்பிய வெள்ளைச் சாக்குகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி, பள்ளத்துக்கு 40 மீட்டர் முன்னால் இருந்தே சாலை ஓரத்தில் வரிசையாக, இரண்டு திசையிலும் வையுங்கள்.